ஆஸ்பத்திரி நிர்வாகமும் நமது கடமையும்

(புதுக்கோட்டையில் கூடிய நமது சங்க ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஆஸ்பத்திரி நிர்வாகம். இது டாக்டர்களும் சர்க்காரும் கவனிக்க வேண்டிய காரியமாயிற்றே, நம் சங்கத்துக்கும் இதற்கும் யாது சம்பந்தம் என்று உங்களுள் சிலர் நினைக்கக்கூடும். பிள்ளைகளின் கல்வி, உபகாரச் சம்பளம், கலியாணச் செலவைக் குறைத்தல் முதலியவற்றையே நாம் வழக்கமாக இம்மேடையில் பேசி வந்திருக்கிறோம். ஆயினும் சென்ற ஆண்டில் நமது காரியாலயத்தின் படியேறி வந்தவர்கள் எதை நாடி வந்தார்கள் என்று அறியக் காரியதரிசி வைத்திருக்கும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டி வந்தவர்களைவிட, ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் வேண்டி வந்தவர்களே அதிகம். அந்தக் கடிதங்களைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம். அவற்றைப் பற்றிச் சொல்லுவதற்காகவே இங்கு வந்து நிற்கிறோம் என்றாலும் பிழையாகாது.

முதலில் நாமே கண்டறிந்த ஒரு சம்பவம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கு வேண்டுவதில்லை. பல இடங்களிலும் இவ்வாறே நிகழ்கின்றது. நம்மவருள் ஒருவர், சிறு விவசாயி, காலில் ஆறாப் புண்ணும் சர்க்கரை வியாதியுமுள்ள தம் தாயாரை அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் புறப்பட்டார். 2021 ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மாதருக்குக் கட்டணமில்லை என்பது நீங்கள் அறிந்ததே. "ஆத்தாவுக்குச் செலவில்லை, எனக்குத்தான் டிக்கெட்டு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அவர். ஏழரை மணிக்கு வரிசையில் நின்றார். எட்டேகாலுக்குச் சீட்டுக் கிடைத்தது. சீட்டில் அறையின் எண் இருந்தது. அந்த அறை எந்தக் கட்டடத்தில் இருக்கின்றது என்பது இல்லை. புண்ணுள்ள காலோடு ஆத்தா இரண்டு கட்டடங்கள் ஏறி இறங்கினார். டாக்டர் நல்லவர்; பரிவோடு பார்த்து, இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். பரிசோதனைச் சாலையில், "வெறும் வயிற்றோடு வந்தீர்களா?" என்று கேட்டார்கள். ஆத்தா விடியுமுன்பே நீராகாரம் குடித்துவிட்டுப் புறப்பட்டவர். மறுநாள் வரச் சொன்னார்கள்; வந்தார்கள். பரிசோதனையின் முடிவு ஒரு மணிக்குக் கிடைத்தது; டாக்டரோ பன்னிரண்டு மணிக்கே வெளிநோயாளர் பகுதியை முடித்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் அறுவடைக் கூலியை விட்டுவிட்டு வர மகனால் இயலவில்லை. ஆத்தாவும் வரவில்லை. பத்து நாள் கழித்து, புண் கறுத்துக் காய்ச்சல் கண்ட பிறகு, 108 வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கால் விரல்கள் இரண்டை எடுக்க நேர்ந்தது.

இதில் யாரைக் குறை கூறுவது? டாக்டர் திறமையுள்ளவர். பரிசோதனை செய்தவர்கள் தம் வேலையை ஒழுங்காகவே செய்தனர். மருந்தும் அலமாரியில் இருந்தது. இல்லாதவை மூன்று: சர்க்கரை நோயாளர் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு வாக்கியம், அறைக்கு வழி காட்டும் ஒரு பலகை, டாக்டர் எழுந்து போகுமுன் பரிசோதனை முடிவு அவர் மேஜைக்கு வந்து சேரும்படியான ஓர் ஏற்பாடு. இம்மூன்றும் வைத்திய சாஸ்திரம் அல்ல. இவற்றுக்கே நிர்வாகம் என்று பெயர். இவை இல்லாமையால் ஒரு தாய் விரல்களை இழந்தாள்.

நிர்வாகத்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு மேனாட்டுச் சரித்திரத்தில் ஒரு பெரிய சான்று உண்டு. கிரிமியா யுத்தத்தின்போது துருக்கியில் ஸ்கூட்டாரி என்னுமிடத்தில் ஆங்கிலச் சிப்பாய்களுக்கென ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. 1855 பிப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 42 பேர் மாண்டனர். அவ்வாண்டு மார்ச்சு மாதம் வந்த சுகாதாரக் குழுவினர் கட்டடத்தின் அடியிலிருந்த சாக்கடைகளைத் தூய்மை செய்தனர். காற்று வருவதற்கு வழி செய்தனர். ஜூன் மாதத்தில் மரணம் 100க்கு 2 என்ற அளவுக்கு இறங்கிற்று. புதிய மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. அங்குப் பணிபுரிந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய மாதரசியாகவே நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அவர் கணக்கேந்தியவர் என்பதை ஏனோ விட்டுவிடுகிறோம். எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் எதனால் இறந்தனர் என்று எழுதி, அதைப் படமாக வரைந்து, மந்திரிகளின் கண்முன் வைத்ததே அவர் செய்த பெருந்தொண்டு.

ஸ்கூட்டாரிக்குப் போவானேன்? நம் தமிழ்நாட்டிலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாகிய திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கிருந்த கோயிலைச் சார்ந்து வீரசோழன் என்னும் பெயரால் ஓர் ஆதுலசாலை நடந்தது. படுக்கைகள் 15. வைத்தியர் ஒருவர், அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்வதற்கு ஒருவர். மருந்துப் பச்சிலையும் விறகும் கொண்டுவர இருவர். பிணியாளரைப் பேணும் பெண்கள் இருவர். நாவிதன் ஒருவன். பிணியாளர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவெல்லாம் எரியும் விளக்குக்கு எண்ணெய். ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள். இவ்வளவும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன.

கல்வெட்டு என்றால் புதுக்கோட்டையாருக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குடுமியான்மலையிலும் நார்த்தாமலையிலும் திருமயத்திலும் பாறைகளே ஏடுகளாக இருக்கின்றன. ஆயினும் ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். யாருக்கு எவ்வளவு உரியது என்பதைத் தானம் செய்தவன் தன் பெட்டிக்குள் ஓலையாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கோயிலுக்கு வருபவர் காணும் சுவரில் வெட்டி வைத்தான். இரவில் விளக்கு எரியாவிட்டால் எண்ணெய் எங்கே என்று கேட்க அந்தச் சுவர் இடங்கொடுத்தது. இன்றைய பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளி ஒருவனுக்கு என்னென்ன உரியது என்று அவன் கண்ணில் படும்படி எத்தனை இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள்? எழுதப்பட்ட இடங்களிலும் அது உத்தியோகஸ்தர்களின் பாஷையில் இருக்கின்றதேயன்றி ஆத்தாவின் பாஷையில் இல்லை.

இது நிற்க. நமது ஊரின் விஷயத்துக்கு வருவோம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட காலத்திலேயே இங்கே ராஜா ஆஸ்பத்திரியும், மாதருக்கும் குழந்தைகளுக்குமென ராணியார் ஆஸ்பத்திரியும் இருந்தன. 1948 மார்ச்சு 3 ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்தது. 1974 ஜனவரி 14 ஆம் தேதி புதுக்கோட்டை தனி ஜில்லாவாயிற்று. 2011 ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி இதில் 16,18,345 பேர் வாழ்கிறோம். 2017 ஆம் ஆண்டு நகரத்திற்கு வெளியே முள்ளூரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இது நமக்குக் கிடைத்த பெரும் பேறு. முன்பு தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் ஓடிய பலர் இப்போது இங்கேயே சிகிச்சை பெறுகின்றனர். ஆனால் மணமேல்குடியிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ வருகின்ற ஒருவர் நகரத்துப் பஸ் நிலையத்தில் இறங்கி, "பெரியாஸ்பத்திரி எங்கே?" என்று கேட்டால், பழைய ஞாபகத்தில் ஒருவர் ஒரு திசையையும் மற்றொருவர் வேறு திசையையும் காட்டுவதை நாமே கேட்டிருக்கிறோம். பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் ராணியார் ஆஸ்பத்திரி நகருக்குள்ளேயே இருக்கின்றது. ஏனைய பெரிய சிகிச்சைகளுக்கு முள்ளூருக்குப் போகவேண்டும். இச்சிறு செய்தியைப் பஸ் நிலையத்திலேயே சொல்லிவிட்டால் ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

இவ்வூர் வைத்திய உலகத்துக்குத் தந்த பெரும் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாருடையது. 1886 ஆம் ஆண்டு இங்கே பிறந்து, ஆண் பிள்ளைகள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்களுக்கிடையே இடம்பெற்று, 1912 ஆம் ஆண்டு சென்னை வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவருடைய புகழை இங்கு விரிக்கப் புகவில்லை. நிர்வாக சம்பந்தமாக ஒன்று மட்டும் சொல்லுகிறோம். உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், அந்நோய்க்குத் தனி வைத்தியசாலை வேண்டும் என்று பல ஆண்டுகள் மன்றாடினார். 1954 ஆம் ஆண்டு அடையாற்றில் அது 12 படுக்கைகளோடு தொடங்கிற்று. தமக்கு வேண்டியவர்க்கு ஒரு படுக்கை கேட்டிருந்தால் அவருக்கு எங்கும் கிடைத்திருக்கும். அவர் அப்படிக் கேட்கவில்லை. யார் வந்தாலும் படுக்கக்கூடிய இடத்தைக் கேட்டார்.

சர்க்கார் காரியங்களில் நிர்வாகம் திருந்தவே திருந்தாது என்று சலித்துக்கொள்ளுவோருக்கு நம் மாநிலத்திலேயே விடை இருக்கின்றது. மருந்து விஷயத்தைப் பாருங்கள். 1990களின் தொடக்கம் வரையில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்பது பழமொழி போலவே வழங்கிற்று. ஓரிடத்தில் மிகுந்து கெட்டுப்போகும்; மற்றோரிடத்தில் ஒன்றும் இராது. 1994 ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் மருந்து வழங்கலாயிற்று. அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரே பட்டியல் தயாராயிற்று. வியாபாரப் பெயர்களை விட்டு மருந்தின் இயற்பெயராலேயே மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கினார்கள். ஜில்லாக்கள்தோறும் கிடங்குகள் வைத்தார்கள். வந்த சரக்கில் மாதிரி எடுத்து, யாருடைய சரக்கு என்று பரிசோதிப்பவருக்குத் தெரியாதபடி பெயரை மறைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் பாங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ்புத்தகம் கொடுத்தார்கள். இவ்வாண்டுக்கு உனக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து உரியது. எடுக்க எடுக்க அதில் கழியும். சிறு ஆரம்ப சுகாதார நிலையமானாலும் அதன் பங்கு அதற்குண்டு. பிற மாநிலங்கள் பல இம்முறையைப் பார்த்துப் பின்பற்றின. திருமுக்கூடல் சுவரில் வெட்டியதும் இந்தப் பாஸ்புத்தகத்தில் எழுதியதும் அடிப்படையில் ஒன்றே. உரியது இவ்வளவு என்று எழுத்தில் வந்துவிட்டால், கெஞ்சுவதற்கும் தயவு செய்வதற்கும் இடம் குறைந்துபோகும்.

செலவே இல்லாத சீர்திருத்தம் ஒன்றும் உண்டு. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் கலெக்டராக இருந்து, அறிவொளி இயக்கத்தின்போது நம் கிராமத்துப் பெண்களைச் சைக்கிளேற்றிய ஷீலா ராணி சுங்கத் அம்மையாரை மறந்திருக்கமாட்டீர்கள். அவர் பின்னர் மாநிலச் சுகாதாரத் துறையின் பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில்தான், பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுடன் அவளுக்கு வேண்டிய பெண்மணி ஒருவர் உள்ளே துணையிருக்கலாம் என்ற ஏற்பாடு சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் வந்தது. அதற்கு முன் தாயும் மாமியாரும் கதவுக்கு வெளியே நின்று கூக்குரலைக் கேட்டுத் தவித்திருப்பர். புதுக் கட்டடமில்லை, புது மருந்தில்லை, கதவைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவே. இன்னொன்று, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நர்சுக்குப் பதில் மூன்று நர்சுகளை முறை வைத்து அமர்த்தியது. இரவில் போனாலும் ஒருவர் விழித்திருப்பார் என்ற நம்பிக்கை வந்தபின் அங்கே பிரசவங்கள் பெருகின. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் இவ்வகையே. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருமானால், மாதாமாதம் மாத்திரைக்காக மட்டும் வரிசையில் நிற்கும் கூட்டம் குறையும்.

இனிக் கடிதங்களின் விஷயம்.

சங்கத்தின் பெயரும் முத்திரையும் அச்சிட்ட தாளில், "இக்கடிதம் கொண்டுவருபவர் நமது அங்கத்தினர், இவரை விசேஷமாகக் கவனிக்க வேண்டுகிறோம்" என்று எழுதுவது நீண்டகால வழக்கம். நாமும் எழுதியிருக்கிறோம். எழுதுவது புண்ணியம் என்றே எண்ணியிருந்தோம். ஒரு முறை, தலைவலியால் வருந்திய நம்மவர் ஒருவருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. நாமே கடிதத்தோடு கூடச் சென்றோம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டா. கடிதத்தைப் பார்த்த சிப்பந்தி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி நம்மவரை உள்ளே அழைத்துச் சென்றார். பெஞ்சில் ஒரு தகப்பனார், மரத்திலிருந்து விழுந்த தம் சிறுவனை மடியில் கிடத்திக்கொண்டு விடியற்காலை முதல் உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை அவர்களுடையது. "மத்தியானத்துக்கு மேல் பார்க்கலாம்" என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அவர் நம்மிடம் வந்து, "ஐயா, அந்தக் கடுதாசி யாரிடம் வாங்குவது என்று சொல்லுங்கள், போய் வாங்கி வருகிறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நமக்கு ஆறுதலாயிருக்கும். அவர் உண்மையாகவே வழி கேட்டார். ஆஸ்பத்திரி என்பது கடிதத்தால் நடக்கும் ஸ்தாபனம் என்று நாம்தாம் அவருக்குக் கற்பித்தோம்.

நம்மவருக்கு அன்று ஒன்றுமில்லை. கண்ணாடி மாற்றத் தீர்ந்தது. சிறுவன் என்னவானான் என்று விசாரிக்கும் துணிவு நமக்கு இல்லாமற் போயிற்று.

சிபாரிசு ஏன் பிறக்கின்றது? உரியது எது, யார் அதைத் தரவேண்டியவர், எப்போது தருவார் என்பது தெரியாமையினால். தெரியாத இடத்தில் மனிதன் தெரிந்தவனைத் தேடுகிறான். ஆதலால் கடிதம் கேட்டு வருபவரை நாம் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதே தெரியாமை நம் சங்கத்தைச் சேராதவருக்கும், எந்தச் சங்கமும் இல்லாதவருக்கும் இருக்கின்றது. நாம் ஒருவரை முன்னே தள்ளும்போதெல்லாம், அந்தப் பெஞ்சில் இருக்கும் யாரோ ஒருவர் பின்னே தள்ளப்படுகிறார். அவர் யார் என்று நாம் பார்ப்பதில்லை; அதுதான் வித்தியாசம்.

இக்கருத்தை நிர்வாக சபையில் சொன்னபோது மூத்த அங்கத்தினர் ஒருவர், "தம்பி, நாம் விட்டுவிட்டால் மற்றவர்கள் விட்டுவிடுவார்களா? நம் பிள்ளைகள்தானே பின்னால் நிற்கவேண்டி வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மற்றவர்கள் விடமாட்டார்கள் என்றே நாமும் எண்ணுகிறோம். சில காலம் நமக்கு நஷ்டம் இருக்கக்கூடும். அதை மறைத்துப் பேசுவது முறையன்று. ஆனால் பல சங்கங்களும் கட்சிக்காரர்களும் நாள்தோறும் எழுதிக் குவிக்கின்ற கடிதங்களுக்கு இப்போதே மதிப்புப் போய்விட்டது. பத்துப் பேர் கடிதத்தோடு வந்தால் அவர்களுக்குள்ளேயே ஒரு வரிசை ஏற்படுகின்றது. கடிதமில்லாதவர் பதினோராவது ஆள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் ஒருபோதும் தேவையில்லை என்பதையும் பலர் அறியார். விபத்திலோ மார்வலியிலோ ஒருவர் துடிக்கும்போது, காரியதரிசியின் கையெழுத்துக்காக நமது காரியாலய வாசலில் வண்டியை நிறுத்தினார்கள் என்பதை இங்குள்ளோரில் சிலர் நேரில் கண்டிருக்கிறீர்கள்.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது, சங்கத்தின் பெயரால் இனி ஆஸ்பத்திரிக் கடிதம் எழுதுவதில்லை என்று இச்சபை தீர்மானிக்க வேண்டும் என்பதே. அதற்குப் பதிலாக ஆட்களைத் தருவோம். காலை ஏழு மணி முதல் பன்னிரண்டு மணி வரையில், முள்ளூரில் இருவர், ராணியார் ஆஸ்பத்திரியில் பெண்கள் இருவர், நுழைவாயிலுக்கருகில் நிற்கவேண்டும். யார் வந்தாலும் எந்த ஊர், எந்த ஜாதி என்று கேட்கலாகாது. எந்த அறை, எந்தக் கட்டடம், எந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டும், பரிசோதனை முடிவு எப்போது வரும், அது வருமுன் டாக்டர் எழுந்துவிட்டால் யாரிடம் சொல்லுவது, இவற்றை அவர்கள் தெரிந்துவைத்துச் சொல்லவேண்டும். குறை இருந்தால் நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுக்க உதவவேண்டும். வாய்ச்சண்டை கூடாது. சுகாதார விவரங்களைத் தொலைபேசியில் கேட்க 104 என்ற எண் இருப்பதையும் சொல்லலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்களைக் கலெக்டர் காரியாலயத்துக்கு அனுப்பவேண்டும். அது ராஜகோபாலத் தொண்டைமான் மன்னரின் அரண்மனையாக இருந்த கட்டடம் என்று சொன்னால் முதியோர் உடனே வழி கண்டுகொள்வார்கள்.

இது ஆஸ்பத்திரியாரின் அனுமதியின்றி நடவாது, நடத்தவும் கூடாது. கல்லூரி முதல்வருக்கும், நோயாளர் நலச் சங்கத்தின் தலைவராகிய கலெக்டருக்கும் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். அதில் ஆள் நிறுத்த அனுமதியோடு வேறொன்றும் கேட்டிருக்கிறோம்: இன்று கையிருப்பில் இல்லாத மருந்துகள் எவை என்று மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒரு கரும்பலகையில் தினமும் எழுதவேண்டும் என்று. ஜன்னலை அடைந்தபின் இல்லை என்று கேட்பதைவிட, நிற்குமுன் தெரிந்துகொள்வது நல்லது. சாக்குக்கட்டியின் செலவைச் சங்கமே ஏற்கும் என்று எழுதலாமா என்று யோசித்தோம். பரிகாசமாகத் தோன்றும் என்று விட்டுவிட்டோம்.

வாரத்துக்கு ஒரு நாள் வீதம் முள்ளூருக்குப் பன்னிரண்டு பேரும், ராணியார் ஆஸ்பத்திரிக்குப் பெண்மணிகள் பன்னிரண்டு பேரும் வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், பரீட்சை எழுதி முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளும் இதற்குத் தக்கவர்கள். அச்சடித்து மிச்சமாயிருக்கும் கடிதத் தாள்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் பின்பக்கத்தில் முள்ளூருக்கும் ராணியார் ஆஸ்பத்திரிக்கும் போகும் வழியையும் பஸ் நேரங்களையும் அச்சிட்டுப் பஸ் நிலையத்தில் கொடுக்கலாம் என்று காரியதரிசி சொல்லுகிறார். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் கலையுமுன் அவரிடமுள்ள புத்தகத்தில், எந்தக் கிழமை என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டுகிறோம். திங்கட்கிழமைகளில் கூட்டம் மிகுதி என்பதால் அன்றைக்கு இன்னும் இருவர் கூடுதலாக வேண்டும்.